வெள்ளம் குறைந்தபோது செழித்த வயல்கள்

நூபியப் பாலைவனத்தில் நைல் ஆறு விட்டுப்போன பழைய தடங்களைப் பற்றிச் சென்ற இதழில் எழுதியிருந்தேன். சூடானின் வடக்கே, கெர்மாவுக்கும் டொங்கோலாவுக்கும் பக்கத்தில், இன்றைய ஆற்றுக்குக் கிழக்கே மணலுக்குள் அந்தத் தடங்கள் கிடக்கின்றன. அவற்றின் ஓரமாக நூற்றுக்கணக்கான பழைய குடியிருப்புகளும் இடுகாடுகளும் கண்டெடுக்கப்பட்டிருக்கின்றன என்பதுதான் அந்தக் கட்டுரையின் சாரம். அதை ஒட்டி வந்த கேள்விகளில் ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்துவிட்டு இங்கே பதில் சொல்கிறேன்.

கேள்வி: வடக்கு சூடானில் மழையே கிடையாது என்கிறீர்கள். அப்புறம் ஆண்டுதோறும் வெள்ளம் எப்படி வந்தது?

பதில்: வெள்ளம் பிறக்கிற இடம் வேறு. எத்தியோப்பிய மலைகளில் ஜூன் முதல் செப்டம்பர் வரை பெய்யும் பருவமழை, நீல நைல் வழியாகவும் அத்பரா ஆறு வழியாகவும் இறங்கி வருகிறது. நைலின் வெள்ளத்தில் பெரும்பகுதியும், வண்டலில் ஏறக்குறைய முழுவதும் இந்த இரண்டும் கொண்டுவருபவைதான். வெள்ளை நைல் வேறு சுபாவம் உடையது. தெற்கு சூடானின் சத் சதுப்பு நிலத்தில் பரவி, கொண்டுவந்த தண்ணீரில் ஏறக்குறையப் பாதியை வெயிலுக்குக் கொடுத்துவிட்டு, மிச்சத்தோடு ஆண்டு முழுக்கச் சீராக நடக்கும். கோடையில் நைல் வற்றாமல் இருந்ததற்கு வெள்ளை நைல் காரணம். வயல் நனைந்ததற்கு நீல நைலும் அத்பராவும் காரணம்.

இதனால், வயலில் நிற்கிறவர் அண்ணாந்து பார்த்து எதையும் கணிக்க முடியாது. 1783-இல் ஐஸ்லாந்தில் லாக்கி என்ற எரிமலைப் பிளவு வெடித்தது. அதன் கந்தகப் புகை வடக்கு அரைக்கோளத்தைக் குளிரவைத்தது, ஆப்பிரிக்கப் பருவமழை வலுவிழந்தது. அந்த ஆண்டும் அடுத்த ஆண்டும் நைல் ஏற வேண்டிய அளவுக்கு ஏறவில்லை. எகிப்தில் பெரும் பஞ்சம். அங்கே பட்டினி கிடந்த குடும்பங்களுக்கு ஐஸ்லாந்து என்று ஓர் இடம் இருப்பதே தெரிந்திருக்காது. 1877-இல் பசிபிக் கடலில் எல் நினோ கடுமையாக இருந்தபோதும் இதே கதிதான்.

கேள்வி: நான் வரலாற்று ஆசிரியை. பருவநிலை வறண்டது, ஆறு சுருங்கியது, நாகரிகம் அழிந்தது என்றுதான் மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். வெள்ளம் குறைந்தபோது கெர்மா செழித்தது என்று நீங்கள் எழுதியிருந்தது குழப்பமாக இருக்கிறது.

பதில்: டீச்சர், நீங்கள் சொல்லிக்கொடுப்பதில் பாதி சரி. மீதிப் பாதிக்காகத்தான் இந்தப் பதில் நீளமாகப் போகிறது.

சகாரா இன்று இருப்பதுபோல் எப்போதும் இருந்ததில்லை. சுமார் 11,000 ஆண்டுகளுக்கு முன்னால் தொடங்கி 5,000 ஆண்டுகளுக்கு முன்னால் வரை, பருவமழை இன்றைவிட வெகு வடக்கே எட்டியது. ஏரிகளும் புல்வெளிகளும் மாடு மேய்ப்பவர்களும் இருந்த காலம் அது. வாதி ஹோவார் என்ற ஆறு மேற்கே இருந்து பாலைவனத்தைக் கடந்து வந்து நைலில் சேர்ந்தது. இன்று அது மணல் மூடிய ஒரு கோடு. பிறகு மழைப்பட்டை தெற்கே பின்வாங்கியது. கி.மு. 2200 வாக்கில் அந்த வறட்சி உச்சத்துக்குப் போனது. எகிப்தில் பிரமிடு கட்டிய பழைய அரசு அந்தக் காலத்தை ஒட்டித்தான் சிதறியது. இதுவரை நீங்கள் சொல்வதுதான்.

ஆனால் அதே நூற்றாண்டுகளில்தான், எகிப்துக்குத் தெற்கே, மூன்றாம் அருவிக்கு மேலே கெர்மா வளர்ந்தது. (நைலில் பாறைகள் குறுக்கிடும் இடங்களுக்கு அருவி என்று பெயர், வடக்கிலிருந்து எண்ணுவார்கள். 'மேலே' என்றால் ஆறு வருகிற பக்கம், தெற்கு.) கி.மு. 2500-இல் ஓர் ஊராகத் தொடங்கி, கி.மு. 1500 வரை ஒரு பெரிய அரசின் தலைநகராக நின்றது. எகிப்துக்குப் போகிற அதே ஆற்றின் அதே குறைந்த வெள்ளம்தான் இவர்களுக்கும் வந்தது. அப்படியிருக்க எப்படிச் செழித்தார்கள்?

விடை நிலத்தின் அமைப்பில் இருக்கிறது. கெர்மாவுக்குத் தெற்கே நைலின் கிழக்குப் பக்கம் அகலமான, கிட்டத்தட்டச் சமமான வெளி. அந்தக் காலத்தில் ஆறு அங்கே ஒன்றாக ஓடவில்லை, பல கிளைகளாகப் பிரிந்து ஓடிக்கொண்டிருந்தது. வெள்ளம் மிகப் பெரிதாக வந்த முந்தைய யுகத்தில், கிளைகளுக்கு இடைப்பட்ட நிலம் நெடுநாள் தண்ணீருக்குள் கிடந்தது. அங்கே விதைக்கவும் முடியாது, வீடு கட்டவும் முடியாது. வெள்ளம் கொஞ்சம் தணிந்ததும் அந்த இடைநிலம் தலை தூக்கியது. ஆகஸ்டில் நனைந்து, அக்டோபரில் வடிந்து, ஈரத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கிற நிலமாக அது மாறியது. அதுதானே விவசாயிக்கு வேண்டியது! ஓர் ஆற்றுக்கு இரண்டு கரை. மூன்று கிளையாகப் பிரிந்தால் ஆறு கரை. ஒவ்வொரு கரையோரமும் நனைந்து வடியும் நிலம்தான் வயல். தண்ணீர் குறைந்தும் வயலின் பரப்பு கூடியது இப்படித்தான்.

கெர்மாவின் வளத்தை நான் நம்புவது இடுகாட்டைப் பார்த்துத்தான். நகரத்துக்குக் கிழக்கே சுமார் 4 கிலோமீட்டரில், இன்று வெறும் மணலாக இருக்கிற இடத்தில் அந்த இடுகாடு இருக்கிறது. அங்கே ஒரே ஒரு கல்லறையின் முன்னால் 4,000-க்கும் மேற்பட்ட மாட்டுத் தலையோடுகளை வரிசை வரிசையாக அடுக்கியிருந்தார்கள். அத்தனை மாடுகளைக் காவு கொடுக்க முடிந்தால், அவற்றுக்குப் பின்னால் எத்தனை மந்தை இருந்திருக்கும், எவ்வளவு புல் வளர்ந்திருக்கும்? அதைப் பார்த்த பிறகு "வறட்சிக் காலம்" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட எனக்கு மனம் வருவதில்லை.

மார்க் மேக்லின், ஜேமி வுட்வர்ட், டெரெக் வெல்ஸ்பி ஆகியோர் அடங்கிய குழு இந்தப் பகுதியின் ஆற்றுப் படிவுகளை ஆராய்ந்து 2013-இல் வெளியிட்ட முடிவும் இதையே சொல்கிறது. பருவநிலை மாற்றம் ஒரே மாதிரி எல்லா ஊரையும் அடிப்பதில்லை. அந்தந்தப் பகுதியில் ஆறு எப்படி ஓடுகிறது என்பதைப் பொறுத்து அடி லேசாகவும் விழும், பலமாகவும் விழும். நிலவியல்காரர்கள் ஆற்றை ஒரு முழு நீளமாகப் பார்க்கிறார்கள். விவசாயிக்கு ஆறு என்றால் தன் வயலுக்கு முன்னால் ஓடுகிற துண்டு மட்டும்தான். இந்த விஷயத்தில் விவசாயியின் கண்தான் சரியான கண் என்பது என் கருத்து.

இந்த நல்ல காலம் நிலைக்கவில்லை. வெள்ளம் மேலும் மேலும் தாழ்ந்தது. கி.மு. 1300-க்குப் பிறகான நூற்றாண்டுகளில் கிழக்குக் கிளைகள் வற்றின. கெர்மா அரசு அதற்கு முன்பே எகிப்தியப் படைகளிடம் வீழ்ந்துவிட்டது. ஆகவே அரசு வீழ்ந்ததற்கு ஆறு காரணமில்லை. அரசு போன பிறகும் உழுதுகொண்டிருந்தவர்கள்தான் கிளைகள் வற்றியதன் விலையைக் கொடுத்தார்கள்.

கேள்வி: ஒரு கிளை வற்றினால் ஊரே காலியாகிவிடுமா? மற்றொரு கிளையிலிருந்து தண்ணீர் கொண்டுவர முடியாதா?

பதில்: கெர்மா வெளியில் வேறு கிளைக்குப் போக வழி இருந்தது. மூன்றாம் அருவிக்குக் கீழே அந்த வசதி இல்லை. அங்கே பாறை நெருக்கி வருகிறது, ஆற்றோர நிலம் ஒல்லியான பட்டை. அந்தப் பகுதியில் அமாரா மேற்கு என்று ஓர் ஊர் இருந்தது. கி.மு. 1300 வாக்கில் முதலாம் சேத்தி மன்னன் காலத்தில், மேல் நூபியாவை, அதாவது வடக்கு சூடானின் இந்தப் பகுதியை, ஆள்வதற்காக எகிப்தியர் கட்டியது. மதில், கோயில், அதிகாரி மாளிகை எல்லாம் உண்டு. கட்டும்போது அது நைலுக்கு நடுவே ஒரு தீவு.

சில தலைமுறைகளுக்குள் தீவின் வடபுறக் கிளை வற்றத் தொடங்கியது. முதலில் அது தண்ணீர்ப் பிரச்சினையாகத் தெரிந்திருக்காது, ஏனென்றால் தென்புறத்தில் ஆறு ஓடிக்கொண்டுதான் இருந்தது. பிரச்சினை மணலாக வந்தது. பாலைவனத்தில் ஓடுகிற கிளை ஒரு காவல். வடகாற்று அள்ளி வரும் மணல் தண்ணீரில் விழும், ஆறு அதை அடித்துக்கொண்டு போய்விடும். கிளை வற்றியதும் அந்தக் காவல் எடுபட்டது. மணல் வறண்ட படுகையைத் தாண்டி நேராக வயலுக்குள், பிறகு தெருவுக்குள், பிறகு வீட்டுக்குள் வந்தது. நீல் ஸ்பென்சர் தலைமையில் பிரிட்டிஷ் அருங்காட்சியகம் அங்கே அகழாய்வு செய்தபோது, மணலைத் தடுக்க மக்கள் செய்த வேலைகள் வெளிவந்தன. வாசலைக் குறுக்கியிருக்கிறார்கள், வாசற்படியை உயர்த்தியிருக்கிறார்கள். புதைக்கப்பட்டவர்களின் விலா எலும்புகளில் நெஞ்சு நோயின் தடயங்கள் இருந்தன. புகையும் தூசியும் சேர்ந்து செய்த வேலையாக இருக்கலாம்.

அந்தக் குறுக்கிய வாசல்களைப் பற்றி எழுதும்போதெல்லாம் எனக்கு மனம் கனத்துப்போகும். ஒரே நாளில் அவர்கள் ஓடிவிடவில்லை. கி.மு. 1070 வாக்கில் எகிப்து ஆட்சி விலகிய பின்னரும் சிலர் அங்கே இருந்தார்கள், அங்கேயே புதைக்கப்பட்டார்கள். இன்றும் ஆற்றின் அந்தக் கரை மணல்தான். கிராமங்களும் பேரீச்சைத் தோப்புகளும் எதிர்க்கரையிலும் தீவிலும்தான் இருக்கின்றன.

கேள்வி: (கல்லூரி மாணவர்) இந்த ஆறு இத்தனை ஆண்டுகளுக்கு முன் வற்றியது என்று எதை வைத்துச் சொல்கிறார்கள்? மணலுக்கு வயது உண்டா?

பதில்: உண்டு தம்பி. மணலில் இருக்கும் குவார்ட்ஸ் பரல்கள் வெயிலில் கிடக்கும்போது அவற்றின் கணக்கு பூஜ்யத்தில் இருக்கும். அடுத்த வெள்ளம் மேலே வண்டல் போட்டு மூடியதும் இருட்டில் அந்தக் கணக்கு ஓடத் தொடங்கும். சுற்றியுள்ள மண்ணிலிருந்து வரும் இயற்கைக் கதிரியக்கம் பரலுக்குள் எலக்ட்ரான்களைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சிக்கவைக்கும். ஆய்வகத்தில் ஒளியைப் பாய்ச்சினால் சிக்கியவை விடுபட்டு ஒரு மங்கிய ஒளியை உமிழும். அந்த ஒளியை அளந்து, மண்ணின் கதிரியக்க அளவால் வகுத்தால், கடைசியாக வெயிலைப் பார்த்து எத்தனை ஆண்டாயிற்று என்று கிடைக்கும்.

களத்தில் பெரிய வேலை வெளிச்சம் படாமல் எடுப்பதுதான். பழைய ஆற்றுத் தடத்தின் குறுக்கே பள்ளம் வெட்டி, சுவரைச் செங்குத்தாகச் சீவி, ஓர் இரும்புக் குழாயைப் பக்கவாட்டில் அடித்து இறக்குவோம். வெளியே எடுத்ததும் இரண்டு முனையையும் கறுப்பு பிளாஸ்டிக்கால் கட்டிவிட வேண்டும். அந்தச் சுவரைப் படிப்பதில் இருக்கிற இன்பம் தனி. அடியில் கரடு முரடான ஆற்று மணல் இருந்தால் கிளை வேகமாக ஓடிய காலம். அதன்மேல் மெல்லிய வண்டல் படலங்கள் வந்தால் கிளை தளர்ந்துவிட்டது, வெள்ளத்தில் மட்டும் நிறைகிறது. எல்லாவற்றுக்கும் மேலே ஒரே சீரான, உருண்ட, மங்கிய பரல்கள் என்றால் அது காற்று கொண்டுவந்தது. ஆறு போய்விட்டது. வண்டல் முடிந்து காற்று மணல் தொடங்கும் அந்தக் கோட்டின் இரண்டு பக்கமும் குழாய் அடித்தால் கிளை வற்றிய காலம் கிடைக்கும். முடிவில் ஐந்து முதல் பத்து சதவீதம் வரை முன்பின் இருக்கலாம், அதனால்தான் "வாக்கில்" என்று எழுதுகிறோம்.

கேள்வி: நைல் வண்டல் இயற்கை உரம், அதனால்தான் எகிப்து ஐயாயிரம் ஆண்டு விளைந்தது என்பார்கள். உண்மையா?

பதில்: ஓரளவுதான் உண்மை. எத்தியோப்பிய மலைகளின் எரிமலைப் பாறை கரைந்து வருவதால் வண்டலில் தாதுச் சத்து உண்டு. ஆனால் பயிருக்கு அதிகம் வேண்டிய நைட்ரஜன் அதில் குறைவு. வண்டல் படிந்த அளவும் நாம் நினைப்பதுபோல் அதிகமில்லை, எகிப்தின் வெள்ளச் சமவெளியில் ஆண்டுக்கு ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர். பெரும்பகுதி கடலுக்குத்தான் போனது.

வெள்ளம் செய்த பெரிய உபகாரம் வேறு. கோடையில் நிலத்தடி நீர் ஆழத்துக்கு இறங்கி, களிமண் காய்ந்து வெடித்துப் பிளந்து கிடக்கும். அப்போது வெள்ளம் வந்து பாத்திகளில் ஆறேழு வாரம் நிற்கும். வெடிப்புகள் வழியாக ஆழமாக இறங்கி மண்ணில் தங்கியிருந்த உப்பைக் கீழே கழுவிக்கொண்டு போகும். வடிந்ததும் விதைத்தால், அறுவடை வரைக்கும் வேண்டிய ஈரம் மண்ணிலேயே இருக்கும். அடுத்த கோடையில் மறுபடி காய்ச்சல். நனைவதைப் போலவே இந்தக் காய்ச்சலும் முக்கியம். 19-ஆம் நூற்றாண்டில் பருத்திக்காக ஆண்டு முழுக்கக் கால்வாய்த் தண்ணீர் விடத் தொடங்கியதும் காய்கிற பருவம் போயிற்று, நிலத்தடி நீர் மேலே வந்தது, உப்பு பூத்தது. அதற்குப் பிறகு வயல்களுக்கு அடியில் வடிகுழாய் பதிப்பதற்கு எகிப்து எவ்வளவோ செலவு செய்ய வேண்டி வந்தது.

கேள்வி: அப்படியானால் நல்ல வெள்ளம் என்பது எவ்வளவு உயரம்?

பதில்: எகிப்தில் அதற்குக் கணக்கு இருந்தது. ரோமானியரான பிளினி, மெம்பிஸ் பக்கத்து அளவை வைத்து எழுதிவைத்திருக்கிறார்: 12 முழம் ஏறினால் பஞ்சம், 13 என்றாலும் பசி, 14 என்றால் முகம் மலரும், 15 கவலையில்லை, 16 கொண்டாட்டம். பஞ்சத்துக்கும் கொண்டாட்டத்துக்கும் நடுவே நாலே முழம். அதற்கும் மேலே போனால் கரை உடையும், தண்ணீர் வடிய நாளாகும், விதைப்பு தள்ளிப்போகும், ஊர்கள் கரையும். கெய்ரோவில் ரோடா தீவில் 861-இல் கட்டிய அளவுத் தூண் இன்றும் நிற்கிறது. நைல் மட்டத்தை ஆண்டுதோறும் எழுதிவைத்த பதிவு 622-இலிருந்து இருக்கிறது. உலகில் எந்த ஆற்றுக்கும் இவ்வளவு நீண்ட பதிவேடு இல்லை.

நூபியாவில் உயரத்தின் கதை இன்னும் விசித்திரம். செம்னா என்ற இடத்துப் பாறைகளில், கி.மு. 1800 வாக்கில் வெள்ளம் ஏறிய மட்டத்தை எகிப்திய அதிகாரிகள் வெட்டிவைத்தார்கள். அவை பிற்கால வெள்ளங்களின் உச்சத்தைவிட ஏழெட்டு மீட்டர் மேலே இருக்கின்றன. வெள்ளமே பெரிதாக இருந்தது என்று சிலர், ஆறு பாறையை அறுத்துக் கீழே இறங்கிவிட்டது என்று சிலர். நூபியாவில் நைல் ஆழமாக அறுத்துக்கொண்டு போயிருக்கிறது என்பதற்குப் பல இடங்களில் சான்று உண்டு. ஆறு கீழே போகப் போக, பழைய வயல் இருந்த இடத்திலேயே மேட்டு நிலமாகிவிடும். பிறகு அதை எட்ட ஏற்றம் வேண்டும், அதற்குப் பிறகு மாடு சுற்றும் சாக்கியா சக்கரம் வேண்டும். அந்தச் சக்கரம் வந்த பிறகுதான் நூபியாவின் மேட்டு நிலங்களில் மறுபடி பெரிய அளவில் பயிர் ஏறியது.

கேள்வி: யூப்ரடீஸ், டைக்ரிஸ் ஆறுகளும் பாலைவனத்து ஆறுகள்தானே? அங்கே ஏன் மண் உப்பானது?

பதில்: நேரம் ஒத்துவரவில்லை. அந்த ஆறுகள் துருக்கி மலைகளின் பனி உருகி ஏப்ரல், மே மாதங்களில் பெருகுகிறவை. கோதுமையும் பார்லியும் அறுவடைக்கு நிற்கிற நேரம் அது. நைல் விதைப்புக்கு முன்னால் வந்து நனைத்துக் கொடுத்தது. இவை விளைந்ததை முழுக வைத்தன. ஆகவே பெருகும்போது கரை கட்டித் தடுத்து, விதைப்பு மாதங்களில் ஆறு தாழ்ந்திருக்கும்போது கால்வாய் வெட்டித் தண்ணீர் கொண்டுவர வேண்டியிருந்தது. சமவெளி மிகத் தட்டை, வடிகால் இல்லை. பாய்ச்சிய தண்ணீர் ஆவியாகும், உப்பு தங்கும்.

கோதுமை குறைந்து, உப்பைத் தாங்கும் பார்லி பெருகியதைச் சுமேரியக் களிமண் ஏடுகளிலிருந்து 1958-இல் ஜேக்கப்சன், ஆடம்ஸ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் காட்டினார்கள். அவர்கள் போட்ட கணக்கைப் பின்னால் வந்தவர்கள் கேள்வி கேட்டிருக்கிறார்கள். ஆனால் ஈராக்கிய விவசாயி ஓராண்டு விட்டு ஓராண்டு நிலத்தைத் தரிசு போட்டு, அதில் முளைக்கும் ஷோக், அகூல் என்ற முட்செடிகளின் ஆழமான வேர்களால் கீழ்மண்ணை உலரவைத்து, உப்பு ஏறாமல் தடுத்தார் என்ற அவர்களுடைய விளக்கம் அருமையானது. ஒன்றும் செய்யாமல் கிடப்பதுபோல் தெரிகிற நிலம் அங்கே வேலை செய்துகொண்டிருந்தது.

கேள்வி: வடமேற்கு இந்தியாவின் காக்கர் ஆறு வற்றியதால் சிந்து சமவெளி ஊர்கள் அழிந்தன என்கிறார்களே?

பதில்: 2017-இல் வெளியான ஓர் ஆய்வு, சட்லெஜ் ஆறு, ஒரு காலத்தில் தான் ஓடிய காக்கர் தடத்தை விட்டுச் சுமார் 8,000 ஆண்டுகளுக்கு முன்பே போய்விட்டது என்று காட்டியது. அதாவது ஊர்கள் எழும்போதே பெரிய ஆறு அங்கே இல்லை. இமயத்து வெள்ளம் அடித்துப்போகாத, ஆனால் பருவமழையில் நனைகிற அகன்ற பள்ளம் என்பதால் அதைத் தேர்ந்திருக்கலாம். அந்தத் தடத்தின் கரையில், ராஜஸ்தானின் காலிபங்கனில் கி.மு. 2800 வாக்கில் உழுத வயல் ஒன்று சால் அழியாமல் கிடைத்தது. குறுக்கும் நெடுக்கும் இரண்டு வகைச் சால்கள், ஒன்று நெருக்கமாக, ஒன்று அகலமாக. ஒரே வயலில் இரண்டு பயிர் போட்டிருக்கிறார்கள் என்று தோன்றுகிறது.

கேள்வி: நைல் போன்ற பெரிய ஆறு இல்லாத பாலைவனத்தில் வெள்ள விவசாயம் நடக்குமா?

பதில்: இந்தக் கேள்விக்காகக் காத்திருந்தேன். காஷ் ஆறு என்று ஒன்று. எரித்ரிய மலைகளில் மெரெப் என்ற பெயரில் கிளம்பி, கிழக்கு சூடானில் கசலா நகரத்தை ஒட்டி வந்து, வடக்கே விசிறியாகப் பரவி மணலில் மறைந்துவிடுகிறது. கடலுக்கும் போகாது, நைலுக்கும் போகாது. ஜூலை முதல் செப்டம்பர் வரை ஓடும், மற்ற மாதங்களில் அகன்ற மணல் படுகை. அந்த மூன்று மாதத் தண்ணீரில் ஒரு பெரிய வண்டல் வெளியே பிழைக்கிறது. வயலில் மூன்று, நான்கு வாரம் தண்ணீரைப் பரப்பி நிறுத்துவார்கள். பிறகு மதகை அடைத்துவிட்டு, ஈரத்தில் சோளம் விதைப்பார்கள். அதற்குப் பிறகு தண்ணீரே கிடையாது. ஒரே நனைப்பில் பயிர் கதிர் வரைக்கும் போகும், மண் அவ்வளவு ஆழமான வண்டல். மூன்று ஆண்டுக்கு ஒருமுறைதான் ஒரு நிலத்துக்கு முறை வரும்.

எனக்கு மிகவும் பிடித்தது அவர்களின் நில வழக்கம். ஆறு இந்த ஆண்டு எந்தப் பக்கம் எவ்வளவு பாயும் என்று யாருக்கும் தெரியாது. இந்தத் துண்டு எனக்கு, அந்தத் துண்டு உனக்கு என்று நிரந்தரமாகப் பிரித்துக்கொண்டால், தண்ணீர் எட்டாதவர் பட்டினி. அதனால் ஹதந்தோவா மக்களிடம், நனைந்த நிலத்தை ஆண்டுதோறும் பங்கிட்டுக்கொள்ளும் வழக்கம் இருந்தது. ஆற்றின் சுபாவத்தை முழுக்கப் புரிந்துகொண்டவர்கள் மட்டுமே இப்படி ஓர் ஏற்பாட்டுக்கு வர முடியும்.

கஷ்டங்களும் உண்டு. வெள்ளத்தோடு வரும் வண்டல் வயலை மட்டும் உயர்த்துவதில்லை, வாய்க்காலையும் ஆற்றுப் படுகையையும் உயர்த்துகிறது. படுகை ஏற ஏறக் கரையை உயர்த்த வேண்டும். 2003 ஜூலையில் ஆறு கரை உடைத்துக் கசலா நகரத்துக்குள் புகுந்து பெரும் சேதம் செய்தது. போதாததற்குச் சீமைக் கருவேலம் வேறு. மணலைத் தடுக்க என்று கொண்டுவந்த மரம், இப்போது நனைந்த நிலத்தைப் பயிருக்கு முன்னால் பிடித்துக்கொள்கிறது. வெட்டினாலும் அடியிலிருந்து துளிர்க்கிறது.

கேள்வி: நைல் கரையில் இன்றும் யாராவது வெள்ளம் வடிந்த நிலத்தில் விதைக்கிறார்களா? அணைகள் வந்த பிறகு அது சாத்தியமா?

பதில்: எகிப்தில் இல்லை. 1964-க்குப் பிறகு அங்கே இயற்கை வெள்ளம் வரவில்லை, 1970-இல் அஸ்வான் உயர் அணை முடிந்தது. வண்டல் அணைக்குப் பின்னால் நிற்கிறது.

சூடானில் இருக்கிறது. ஆறு இறங்க இறங்க வெளிப்படும் சரிவான கரைக்கு அங்கே ஜரூஃப் என்று பெயர். செலூகா என்ற மிதிகம்பால் ஈரச் சேற்றில் குழி குத்தி விதை போடுவார்கள். ஏர் வேண்டாம், பாய்ச்சல் வேண்டாம். ஒவ்வொரு வாரமும் ஆறு ஒரு படி கீழே இறங்கும், விதைப்பவரும் ஒரு படி கீழே இறங்குவார். அவரை வகைகளும் காய்கறியும் கால்நடைத் தீவனமும் இப்படி விளையும். ஏழைக் குடும்பத்துக்கு இதைவிடச் செலவில்லாத வயல் உலகில் இல்லை.

நாலாம் அருவிப் பகுதியில் மெரோவே அணை 2009-இல் திறக்கப்பட்டபோது, இந்த ஒல்லியான கரைகளில் வாழ்ந்த மனாசீர், ஹம்தாப், அம்ரி மக்கள் பல்லாயிரம் பேர் வெளியேற வேண்டியிருந்தது. இழந்த நிலத்துக்கு ஈடாக ஆற்றிலிருந்து தள்ளிப் பாலைவனத்தில் நிலம் கொடுத்தார்கள், பல இடங்களில் வெறும் மணல் மண். பரப்பளவைக் கணக்குப் பார்த்தால் குறைவில்லை. ஆனால் ஜரூஃப் நிலத்தில் ஈரம் தானாக வந்தது, புதிய நிலத்தில் அதை ஓயாமல் பாய்ச்ச வேண்டும். மணல் அதைத் தங்க விடுவதில்லை. இந்த வித்தியாசத்தை எந்த இழப்பீட்டுப் பட்டியலிலும் நான் பார்த்ததில்லை. இது அநியாயம் என்றுதான் நினைக்கிறேன்.

எத்தியோப்பியாவின் பெரிய அணை 2020-இலிருந்து நிரம்பி, 2025 செப்டம்பரில் முறைப்படி திறக்கப்பட்டது. அது நீல நைலின் ஏற்ற இறக்கத்தைக் குறைக்கும். 2020-இல் கார்த்தூமில் நீல நைல் 17 மீட்டருக்கு மேலே ஏறி வீடுகளை அழித்ததே, அதுபோன்ற வெள்ளம் அடங்கினால் நகரத்துக்கு நிம்மதிதான், மறுக்கவில்லை. ஜரூஃப் கரைக்கு மட்டும் அந்த ஏற்ற இறக்கம்தான் வயல். உச்ச மட்டத்துக்கும் கோடை மட்டத்துக்கும் இடைவெளி எவ்வளவு சுருங்குகிறதோ, செலூகா நிலத்தின் அகலமும் அவ்வளவு சுருங்கும். அந்தக் குடும்பங்கள் பம்பு வைத்து மேட்டு நிலத்துக்குத் தண்ணீர் ஏற்ற வேண்டிவரும். பம்புக்கும் டீசலுக்கும் யார் பணம் கொடுப்பது என்பதை அணைகளை இயக்கும் ஒப்பந்தப் பேச்சிலேயே சேர்க்க வேண்டும்.